முதல் திரையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறோம். நிறைய செலவு செய்து வெப்சைட் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் போன் போட்டுத்தான் கேட்கிறார்கள், ரிப்போர்ட்டையும் நேரில் வந்தே வாங்குகிறார்கள். எதை மாற்றுவது? உங்கள் பார்வைக்கு வெப்சைட் முகவரியும் ஒரு பில்லின் படமும் அனுப்பியுள்ளேன்.
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: முதலில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள் அம்மா. வருகிற கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு வாரம் எழுதி வைக்கட்டும். "வெறும் வயித்துல வரணுமா?", "தண்ணி குடிக்கலாமா?", "ஞாயித்துக்கிழமை உண்டா?" இப்படித்தான் இருக்கும். எது அதிகம் வருகிறதோ அதன் பதில் முதல் திரையில் மேலே வர வேண்டும். புதுச்சேரியில் உட்கார்ந்து நான் ஊகிப்பதைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.

இப்போது உங்கள் முதல் திரையில் கட்டடம், மெஷின், வரவேற்புரை என்று மூன்று படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. லேப் திறக்கும் நேரம் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் ஜன்னலோர வெயிலில் அதைப் படிக்கவே முடியாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது. போன் நம்பரைப் படமாக ஒட்டியிருக்கிறார்கள், தொட்டால் அழைப்பு போவதில்லை. இரண்டையும் வெப்சைட் செய்தவர் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு "8 மணி நேர ஃபாஸ்டிங்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். "ராத்திரி 10 மணிக்கு மேல் சாப்பிடாதீர்கள், காலை 7 மணிக்கு வாருங்கள், வெறும் தண்ணீர் குடிக்கலாம்" என்று எழுதிப் பாருங்கள். கணக்குப் போடும் வேலை நோயாளிக்கு எதற்கு?

ரிப்போர்ட் பக்கம்தான் எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது. பில்லில் எழுத்தும் சிறு கோடும் (-) எண்ணுமாக ஒரு நீள நம்பர், அதை அப்படியே அடித்தால்தான் ரிப்போர்ட் வரும். அந்தக் கோட்டைப் போடாமல் விட்டாலோ சின்ன எழுத்தில் அடித்தாலோ, "தவறான எண்" என்று ஆங்கிலத்தில் சிவப்பாக வருகிறது. அறுபது வயதுக்காரர் அதைப் பார்த்ததும், ரிப்போர்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட மாட்டாரா? கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரே ஏற்றுக்கொள்ளும்படி செய்யலாம். இன்னும் நல்லது, போன் நம்பரைப் போட்டால் ஓடிபி வரட்டும். ஒரே நம்பரில் வீட்டில் நாலு பேர் பதிந்திருப்பார்கள். அதனால் பெயர்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், காத்திருப்பு பெஞ்சில் இருப்பவர்களில் ஐந்து பேரிடம் அனுமதி கேட்டு, அவரவர் போனிலேயே ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று வெப்சைட் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் துறையின் பெரிய ஆள் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். "அந்தப் பட்டனை அழுத்துங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போச்சு. விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். சரிசெய்த பிறகு வேறு ஐந்து பேரிடம் காட்டுங்கள்.

வரவேற்புரையை எடுக்க மனமில்லை என்றால், "எங்களைப் பற்றி" பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.