அரசு கட்ட வேண்டிய தீர்ப்புப் பணம்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

நில எடுப்பு, பஸ் விபத்து, ஓய்வூதியப் பாக்கி என்று கோர்ட்டில் ஜெயித்தும் அரசிடமிருந்து பணம் வராதவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வேலூரில் கோர்ட்டின் நிறைவேற்றுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வக்கீல் இல்லை. உங்கள் கேஸ் கட்டை உங்கள் வக்கீல்தான் பார்க்க வேண்டும். ஆனால் பணம் எந்தெந்த இடத்தில் தேங்கி நிற்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து: சார், அப்பாவின் நிலத்தை வீட்டுமனைத் திட்டத்துக்கு எடுத்தார்கள். சப் கோர்ட்டில் தொகையை உயர்த்தித் தீர்ப்பு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு மேல் மனு கொடுத்துவிட்டோம். 'நிதி வந்ததும் வழங்கப்படும்' என்று ஒரு கடிதமும் கையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனு போட 12 வருடம்தான் அவகாசம். காலவரையறைச் சட்டத்தின் 136-வது இனம் அப்படிச் சொல்கிறது. உங்களுக்கு மீதி இருப்பது மூன்று வருடம்.

குறைதீர்வு நாளில் கொடுத்த மனுக்களால் அந்த 12 வருடம் ஒரு நாள்கூட நீளாது. கையில் இருக்கும் கடிதமும் அப்படித்தான். சாதாரணக் கடனில், கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் பணம் கொடுத்தாலோ காலக்கெடு புதிதாக ஆரம்பிக்கும். தீர்ப்புக் கடனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே சட்டத்தின் 18, 19 பிரிவுகளின் விளக்கத்தில் இது தெளிவாக இருக்கிறது. அதிகாரி நல்ல மனதோடு எழுதிக்கொடுத்த கடிதத்தை நம்பி உட்கார்ந்து, 12 வருடம் தாண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்த தீர்ப்பு கையில் இருந்தும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் இ.பி., அதாவது நிறைவேற்று மனு போடுங்கள். அரசுக்கு எதிரான தீர்ப்பில், தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதம் பணம் வராமல் இருந்தால்தான் நிறைவேற்ற உத்தரவிடலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82-வது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், இன்றைய தேதி வரை வட்டி போட்ட கணக்கு மெமோ, அப்பா காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று, இவை வேண்டும். தீர்ப்பு வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் அப்படியே தொடரலாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பணம் ஏற்கெனவே கோர்ட்டில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துறை பணத்தைக் கட்டி, நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி, தொகை கோர்ட் கணக்கிலேயே கிடப்பதும் நடக்கிறது. அப்படியானால் செக் மனு, அதாவது கோர்ட்டில் கிடக்கும் பணத்தைத் தரக் கேட்கும் மனு, போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அணைக்கட்டிலிருந்து: இ.பி. போட்டால் கலெக்டர் ஆபீஸ் நாற்காலியை ஜப்தி செய்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். அதனால் நிஜமாகவே பணம் வருமா அண்ணா?

பல நேரம் வரும். நாற்காலியை விற்றுப் பணம் வருவதில்லை. பொருளைத் தூக்க ஆள் வந்ததும் மேலிடத்தில் ஃபைல் நகர்கிறது.

ஒரு ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். அமீனா, அதாவது ஜப்தி செய்யப் போகும் கோர்ட் ஊழியர், வாரண்டோடு போனார். "உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார்கள். அவர் நின்றபடியே வாரண்டைப் படித்துக் காட்டிவிட்டு, பீரோ, மேசை, கம்ப்யூட்டர் என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார். அதுவரை யாரும் பதறவில்லை. வெளியே வந்து ஜீப்பின் நம்பரை எழுதியபோதுதான் உள்ளேயிருந்து போன் பறந்தது. அன்று சாயங்காலமே அரசு வழக்கறிஞர் அவகாசம் கேட்டு மெமோ போட்டார்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஒரு மாதத்தில் கட்டிவிடுகிறோம்' என்று வராந்தாவில் சொல்வதைக் கேட்டு மனுவை முடித்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று கோர்ட் உத்தரவில் ஏற வேண்டும், மனு நிலுவையிலேயே இருக்க வேண்டும். நிலம் கேட்டது ஒரு வாரியமாகவோ கழகமாகவோ இருந்து, தீர்ப்பில் அதுவும் எதிர்த்தரப்பாக இருந்தால், பழைய மேசையை விட்டுவிட்டு அதன் வங்கிக் கணக்கை முடக்கக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நில எடுப்பு அதிகாரியின் கையில் பணம் இருக்காது. தீர்ப்பு நகல் வந்ததும், மேல்முறையீடு செய்யலாமா என்று சட்டக் கருத்துக்குப் போகும். பிறகு நிலம் கேட்ட துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் கருத்துரு, அங்கிருந்து சென்னை, அரசாணை, கருவூலம், கடைசியில் கோர்ட். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி கேட்டு ஃபைல் திரும்பி வரும். இதில் யார் பெயரிலும் தனியாகத் தவறு ஏறாது. நிலம் கொடுத்த குடும்பம் மட்டும் மகள் கல்யாணத்துக்குக் கந்துவட்டிக்கு வாங்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதே அணைக்கட்டு: வட்டி எவ்வளவு, எப்படிக் கணக்குப் போடுவது?

பழைய 1894 நில எடுப்புச் சட்டப்படி எடுத்த நிலமானால், கோர்ட் உயர்த்திய தொகைக்கு, நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து முதல் வருடம் 9 சதவீதம், அதற்குப் பிறகு கோர்ட்டில் கட்டும் வரை 15 சதவீதம். உயர்த்திய தொகை ₹4,00,000 என்றால் முதல் வருடம் ₹36,000. அடுத்து வருடத்துக்கு ₹60,000. பத்து வருடத்தில் வட்டி மட்டும் ₹5,76,000, அசலைவிட அதிகம். இந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பதும் நம் வரிப்பணம்தான்.

கணக்கு மெமோவில் அடிக்கடி விட்டுப்போவது ஆறுதல் தொகைக்கான வட்டி. கட்டாயமாக நிலத்தை எடுத்ததற்காகச் சந்தை மதிப்புக்கு மேல் சேர்த்துத் தரும் 30 சதவீதம்தான் ஆறுதல் தொகை. அந்த 30 சதவீதத்துக்கும் வட்டி உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2001-ல் சுந்தர் வழக்கில் சொல்லிவிட்டது. தீர்ப்பாணையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டாலும், 19.9.2001-க்குப் பிந்தைய காலத்துக்கு இ.பி.யிலேயே கேட்கலாம் என்று 2006-ல் குர்பிரீத் சிங் வழக்கில் வந்தது. உங்கள் மெமோவில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: 'அப்பீல் போட்டிருக்கிறோம், பணம் கிடையாது' என்கிறார்கள். வேலூரில் கேட்டால் மாவட்டம் பிரிந்ததில் ஃபைல் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது என்கிறார்கள். இங்கே கேட்டால் வரவில்லை என்கிறார்கள்.

அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் இ.பி. நடக்கும். தடை கேட்டு வரும்போது, ஒரு பகுதியைக் கட்டச் சொல்லும்படியும் கட்டியதை எடுக்க அனுமதிக்கும்படியும் உங்கள் வக்கீல் ஐகோர்ட்டில் கேட்க வேண்டும்.

2019-ல் வேலூர் மூன்றானது. ஆனால் கடன்பட்டது தமிழ்நாடு அரசு, அது பிரியவில்லை. ஃபைலைத் தேடுவது அவர்கள் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கருத்துரு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, நிதி ஒதுக்கிய ஆணை எண் என்ன என்று அதில் கேளுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் பதில் வராது. ஃபைல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே உங்கள் மனுவை அங்கே மாற்றிவிட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: அரசு பஸ் மோதி என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். தீர்ப்பாயம் இழப்பீடு போட்டும் தரவில்லை. பஸ்ஸை ஜப்தி செய்தால் பாவம் ஜனங்கள் நடுவழியில் இறங்க வேண்டுமே?

உங்கள் மனசு புரிகிறது அம்மா. ஆனால் அந்தப் பாவம் உங்களுடையது இல்லை. போக்குவரத்துக் கழகம் தனி நிறுவனம் என்பதால் மூன்று மாதக் காத்திருப்புப் பேச்சும் பொதுவாக எழாது. அரசுப் பேருந்துகளில் பலவற்றுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. சட்டம் அவர்களுக்கு விலக்குத் தந்திருக்கிறது, அதற்குப் பதிலாகத் தனி நிதி வைத்திருக்க வேண்டும். அதனால் அவர்களே கட்டியாக வேண்டும். இ.பி. போடலாம். இல்லையென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 174-ன் கீழ் தீர்ப்பாயத்திடம் சான்று வாங்கி, கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்கவும் வழி உண்டு. உங்கள் வருமானம் எவ்வளவு என்றாலும் பெண் என்பதால் இலவச வக்கீல் கிடைப்பார். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பேர்ணாம்பட்டிலிருந்து: தோல் கழிவால் எங்கள் கிணறு கெட்டு, 2001-ல் இழப்பீடு என்று பட்டியலில் தாத்தா பெயர் வந்தது. கைக்கு எதுவும் வரவில்லை. இனி கேட்க முடியுமா?

கேட்க வேண்டும். பாலாற்றுக்கரை முழுவதும் இந்தக் கேள்வி இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் நடத்திய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது. அதன்பிறகு அமைந்த ஆணையம் 2001 மார்ச் 7-ல் இழப்பீடு நிர்ணயித்தது. 2009 ஆகஸ்ட் 24-ல் இன்னொரு ஆணை வந்தது. இத்தனைக்குப் பிறகும் பணம் வராதவர்கள் இருந்ததால், 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் திரும்பவும் சொன்னது: இந்த இரண்டு ஆணைகளின்படி இதுவரை கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் பணத்தைத் தந்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று.

இது பெரிய விஷயம். தொழிற்சாலை மூடிவிட்டது, முதலாளி கட்டவில்லை என்ற பதில் இனி செல்லாது. தாத்தா பெயர் வந்த பட்டியலின் நகல், பழைய பட்டா சிட்டா, வாரிசுச் சான்று, 2025 தீர்ப்பின் நகல் நான்கையும் சேர்த்து கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கிராமத்தில் இன்னும் யாருக்கு வரவில்லை என்று விசாரித்து எல்லோரும் சேர்ந்து அனுப்பினால் பலம் கூடும்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: தீர்ப்புப் பணத்தை அரசு தராமல் இழுப்பதே மனித உரிமை மீறல் என்று வெளிநாட்டில் தீர்ப்பு இருக்கிறதாமே? நாமும் அப்படி உலக அமைப்புகளுக்குப் போக முடியுமா?

இருக்கிறதம்மா. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு துப்புரவு வேலைக்கு அழைக்கப்பட்டு உடல் கெட்ட புர்தோவ் என்ற ரஷ்யர், உள்ளூர்க் கோர்ட்டில் ஜெயித்தும் உதவித்தொகை வராமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி அரசு தீர்ப்புக் கடனைக் கட்டாமல் இருக்க முடியாது என்று 2002-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அவருக்கு இழுத்தடித்தார்கள். திரும்பவும் போனார். இது ஒருவர் பிரச்சினை இல்லை, நாட்டின் அமைப்பிலேயே உள்ள கோளாறு என்று 2009-ல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் ரஷ்யா தாமதத்துக்கு ஈடு தரும் சட்டத்தையே கொண்டுவந்தது.

உக்ரைனில் அந்த அளவுக்கு நடக்கவில்லை. அங்கேயும் 2009-ல் இதே போன்ற தீர்ப்பு வந்தது. ஆனால் மனுக்கள் குவிந்துகொண்டே போய், 2017-ல் 12,143 மனுக்களை அந்த நீதிமன்றம் தன் பட்டியலிலிருந்து எடுத்து, தீர்ப்புகளின் அமலைக் கண்காணிக்கும் அமைச்சர்கள் குழுவிடம் தள்ளிவிட்டது. பெரிய நீதிமன்றத்தில் ஜெயிப்பதும் பணம் கைக்கு வருவதும் அங்கேயும் வேறு வேறாகத்தான் இருக்கின்றன.

நமக்கு அந்த வழி இல்லை. குடிமை அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் சேர்ந்தது. தனிநபர் புகார் அனுப்ப வழி செய்யும் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் உள்ளேயே ஆயுதம் இருக்கிறது, சட்டத்தின் வழியில்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவு. சொத்துரிமை மனித உரிமையும்கூட என்று 2020-ல் இமாசலத்து வித்யா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நியாயமான இழப்பீடும் விரைவான நடைமுறையும் அந்த உரிமைக்குள்ளேயே அடங்கும் என்று 2024-ல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் வந்தது. கர்நாடகத்தில் சாலைத் திட்டத்துக்கு நிலம் கொடுத்து இருபது வருடத்துக்கு மேல் இழப்பீடு இல்லாமல் இருந்தவர்களுக்கு, நில மதிப்பைக் கணக்கிடும் தேதியையே 2019-க்குத் தள்ளி 2025 ஜனவரியில் உத்தரவிட்டார்கள். ஐகோர்ட்டில் ரிட், அதாவது அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடும்போது இவற்றைக் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு: 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்று கேட்காதீர்கள். பரிசீலித்து நிராகரித்துவிட்டோம் என்று ஒரு தாள் வரும். இந்தத் தொகையை இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.

ஆற்காட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: பணப்பலன்களை 12 வாரத்தில் தர ஐகோர்ட் சொல்லியும் தரவில்லை. அவமதிப்பு வழக்கா, மனித உரிமை ஆணையமா?

ஐயா, உங்களுக்கு அவமதிப்பு வழக்கு. அந்த 12 வாரம் முடிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் உத்தரவு நகலோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனாலே சில நேரம் காசு வந்துவிடும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு வருடக் கெடு உண்டு, கோர்ட்டில் நிலுவையில் இருப்பதை அவர்கள் பொதுவாகத் தொடுவதில்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை ஐகோர்ட்டின் முழு அமர்வு சொன்ன பிறகு அதற்கு வலு கூடியிருக்கிறது. ஆனால் வெறும் வசூலுக்கு அது இடம் இல்லை. பணம் கேட்டுப் போன உங்களை அதிகாரி அவமானப்படுத்தினார், மிரட்டினார் என்றால் அங்கே போங்கள். ஃபைலை நகர்த்தப் பங்கு கேட்டால் நேராக லஞ்ச ஒழிப்புத் துறை.

ஒடுகத்தூரிலிருந்து: லோக் அதாலத்தில் பாதி வட்டியை விட்டுக்கொடுத்தால் உடனே தருகிறோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

அம்மாவுக்கு எண்பது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கொஞ்சம் வட்டியை விடுவதில் தவறில்லை, அசலிலும் ஆறுதல் தொகையிலும் கை வைக்க விடாதீர்கள். லோக் அதாலத் முடிவுக்கு அப்பீல் கிடையாது என்பதால், கையெழுத்துக்கு முன் இரண்டு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்: எந்தத் தேதிக்குள் கட்டுவார்கள், அந்தத் தேதி தவறினால் விட்டுக்கொடுத்த வட்டி முழுவதும் திரும்பச் சேரும் என்று. இரண்டாவது வரிக்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இ.பி.யில், அம்மாவின் வயதுச் சான்றை வைத்து விசாரணையை முன்கூட்டி எடுக்க மனுப் போடுங்கள்.