வாசகர் கேள்வி-பதில்: புளூகிராஸ் கிட்டாரும் ஐந்து ஸ்வரங்களும்

(புளூகிராஸ் என்பது அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாணி. பதில்களில் 5/3 என்று வந்தால் 5-ஆம் கம்பி, 3-ஆம் ஃபிரெட், அதாவது கிட்டார் கழுத்தில் 3-ஆம் கட்டம். 0 என்றால் விரல் வைக்காமல் மீட்டும் கம்பி. மெல்லிய கம்பிதான் 1-ஆம் கம்பி.)

கே: ஜி மேஜர் பென்டடோனிக்கை (ஐந்து ஸ்வர ஸ்கேல்) மேலும் கீழும் சரளமாக வாசிக்கிறேன். ஆனால் பாட்டு சி, டி கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) போனதும் என் ஸோலோ ஒட்டாமல் தனியாக மிதக்கிறது. ஸ்கேல் தப்பா?

ப: ஸ்கேல் சரிதான். அதை எல்லாக் கார்டுக்கும் மாற்றாமல் வாசிப்பதுதான் சிக்கல். ஜி மேஜர் பென்டடோனிக்கில் இருப்பவை ஜி, ஏ, பி, டி, இ. சி கார்டின் மூல ஸ்வரமான சி இதில் கிடையாது. டி கார்டை மேஜர் என்று காதுக்குக் காட்டும் எஃப் ஷார்ப்பும் கிடையாது. சி கார்டின் மேல் பி-யை நீட்டிப் பிடித்தால் ஜாஸ் வாடை அடிக்கும். டி கார்டின் மேல் ஜி-யில் நின்றால் வாக்கியம் முடியாமல் தொங்கும்.

பயப்பட வேண்டாம், மாற்ற வேண்டியது ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம். சி கார்ட் வந்தால் பி-க்குப் பதில் சி. அதுவே சி மேஜர் பென்டடோனிக். டி கார்ட் வந்தால் ஜி-க்குப் பதில் எஃப் ஷார்ப். அது டி மேஜர் பென்டடோனிக். மற்ற நான்கும் அப்படியே இருக்கும்.

கிட்டாரில் இது இன்னும் எளிது. ஜி பென்டடோனிக்கில் ஆறு கம்பிகளும் திறந்த நிலையில் பயன்படும். கூடவே 6, 2, 1-ஆம் கம்பிகளில் 3-ஆம் ஃபிரெட், 5, 4, 3-ஆம் கம்பிகளில் 2-ஆம் ஃபிரெட். சி-க்கு மாற 5/2-ஐ 5/3 ஆக்குங்கள், 2/0-ஐ 2/1 ஆக்குங்கள். டி-க்கு மாற 6/3, 1/3 இரண்டையும் ஒரு ஃபிரெட் இறக்கி 6/2, 1/2 ஆக்குங்கள். 3/0-ஐ விட்டுவிட்டு 4/4-ஐ எடுங்கள்.

இரண்டு வாக்கியங்கள் தருகிறோம். இரண்டும் ஒரு பாருக்கு (நான்கு அடி கொண்ட பகுதி) எட்டு எட்டாம் நோட்டுகள், அதாவது அடிக்கு இரண்டு. சி-யிலிருந்து ஜி-க்கு: 5/3, 4/0, 4/2, 3/0, 3/2, 3/0, 4/2, 4/0, அடுத்த பாரின் முதல் அடி 5/2. டி-யிலிருந்து ஜி-க்கு: 1/2, 1/0, 2/3, 2/0, 3/2, 2/0, 3/2, 4/4, முதல் அடி 3/0. இரண்டிலும் புதிய கார்டுக்குள் அரை ஸ்வர நகர்வு இருப்பதைக் கவனியுங்கள்: முதலாவதில் அந்த பாரின் சி அடுத்த பாரில் பி-யாக இறங்குகிறது, இரண்டாவதில் எஃப் ஷார்ப் ஜி-யாக ஏறுகிறது. கார்ட் மாறியதைக் காட்டுவது இந்த நகர்வுதான். ரிதம் கிட்டார் இல்லாமல் தனியாக வாசித்தாலும் கேட்பவருக்குக் கார்ட் மாறியது தெரிய வேண்டும். தெரிந்தால் நீங்கள் சரியாக வாசிக்கிறீர்கள்.

கே: இது மோகனம்தானே? மோகனப் பிடிகளை அப்படியே வாசிக்கலாமா?

ப: ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் அதே ச ரி க ப த. ஸ்வரம் ஒன்றுதான், நடத்தை வேறு. இங்கே கீழே கார்ட் மாற மாற ஒவ்வொரு ஸ்வரத்தின் எடையும் மாறுகிறது. ஜி கார்டில் நிம்மதியாக உட்காரும் ஷட்ஜமே டி கார்டில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கும். கமகத்துக்கும் இடம் குறைவு: வேகமான பாட்டில் நோட்டுகளை நேராகத் தட்டி ஓடவிட வேண்டியிருக்கும். பிடியை எடுத்துக்கொள்ளலாம், நியாச ஸ்வரத்தை, அதாவது வாக்கியம் வந்து நிற்கும் ஸ்வரத்தை, கார்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கே: மேஜர் பென்டடோனிக் ரொம்பச் சமர்த்தாக ஒலிக்கிறது. புளூஸ் வாசனைக்கு ஜி மைனர் பென்டடோனிக் கலக்கலாமா?

ப: கலக்க வேண்டும், ஊறுகாய் அளவில். ஜி மைனர் பென்டடோனிக்கில் ஜி, பி ஃப்ளாட், சி, டி, எஃப் உண்டு. முழு பாரும் அதிலேயே ஓட்டினால் பாட்டு ராக் பக்கம் சாய்ந்துவிடும். முதலில் பி ஃப்ளாட் ஒன்றை மட்டும் எடுத்து உடனே பி-க்கு ஏற்றுங்கள்: 5/1-இலிருந்து 5/2-க்கு ஹேமர்-ஆன் (மீண்டும் மீட்டாமல் இடது விரலைத் தட்டி ஊன்றி ஒலிப்பது), அல்லது 3/3-இலிருந்து 3/4-க்கு ஸ்லைடு (அழுத்திய விரலை அப்படியே நகர்த்துவது). பி ஃப்ளாட்டில் தங்கிவிட்டால், கீழே மேஜர் கார்ட் ஒலிப்பதால் உரசும். சில இடங்களில் அந்த உரசலே அழகு, ஆனால் அது தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

கிட்டார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜி-ரன், அதாவது ஜி-யில் வந்து முடியும் சிறு ஓட்டம், இதற்கு நல்ல பாடம். 1945-இல், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தவர் அவர். பரவலாக வாசிக்கப்படும் ஒரு வடிவம்: 6/3, 5/0, 5/1, 5/2, 4/0, 4/2, 3/0. "ஒன்-அண்ட்-டூ-அண்ட்-த்ரீ-அண்ட்-ஃபோர்" என்று எண்ணினால் ஏழும் சரியாக உட்காரும். பி ஃப்ளாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் முழுக்க ஜி மேஜர் பென்டடோனிக்தான். இதை வரி முடிவில், ஜி கார்டுக்குத் திரும்பும்போது போடுங்கள். வரிக்கு வரி போட்டால் சலித்துவிடும்.

கே: என் ஸோலோவைக் கேட்டவர்கள் "எந்தப் பாட்டு இது?" என்கிறார்கள்.

ப: நியாயமான கேள்வி. புளூகிராஸில் பிரேக் (ஒரு வாத்தியத்தின் ஸோலோ) என்பது பொதுவாகப் பாடகர் பாடிய அதே சுற்றின் மேல் வாசிப்பது. மெட்டின் சாயல் வேண்டும். முதலில் மெட்டை மட்டும், எந்த அலங்காரமும் இல்லாமல், திறந்த நிலையில் வாசித்துப் பழகுங்கள். பிறகு நீளும் ஸ்வரங்களை மட்டும் பென்டடோனிக்கால் நிரப்புங்கள். உதாரணமாக, ஜி கார்டில் மெட்டு ஒரு பார் முழுக்க டி-யில் (2/3) நிற்கிறது என்றால்: 2/3, 2/0, 3/2, 2/0, 2/3, 1/0, 2/3, 2/0. முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் டி வருகிறது, அதனால் ஓட்டத்துக்குள்ளும் மெட்டு கேட்கும். மெட்டில் பென்டடோனிக்குக்கு வெளியே ஒரு சி வந்தால் தயங்காமல் சி வாசியுங்கள். மெட்டுக்காகத்தான் ஸ்கேல்.

கே: வேகம் கூட்டினால் வலது கை குழம்புகிறது.

ப: பெரும்பாலும் ஹேமர்-ஆனுக்குப் பிறகுதான் குழம்பும். விதி ஒன்றே: தாள அடியில் விழும் நோட்டைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும், நடுவே "அண்ட்"டில் விழுவதை மேல்நோக்கி. ஹேமர்-ஆன் வரும்போதும் நீண்ட நோட்டின்போதும் கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொடாமல் காற்றில் போய்வர வேண்டும். ஜி-ரன்னில் 5/2 ஹேமர்-ஆன் ஆகும் நேரத்தில் கை வெறுமனே மேலே போனால்தான் 4/0-க்குக் கீழ்த் தட்டு தானாக வந்து விழும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து ஓர் அடிக்கு இரண்டு நோட்டு. நான்கு முறை தடுமாறாமல் வந்தால் 5 ஏற்றுங்கள். தடுமாறினால் 10 இறக்குங்கள். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பிக்குள் ஆழமாக இறங்கினாலும் கம்பி மாறும் இடங்களில் சிக்கும். நுனி மட்டும் பட்டால் போதும்.

கே: பாடகர் ஏ-யிலும் பி-யிலும் பாடுகிறார். புதிதாக ஸ்கேல் கற்க வேண்டுமா?

ப: வேண்டாம். ஏ-க்கு 2-ஆம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்), பி ஃப்ளாட்டுக்கு 3-இல், பி-க்கு 4-இல். கை ஜி வடிவத்திலேயே இருக்கட்டும். மேலே சொன்ன ஃபிரெட் எண்களைக் கேப்போவிலிருந்து எண்ணுங்கள். கேப்போ மாட்டிய பின் சுதியை ஒருமுறை சரிபாருங்கள்; அதிகம் அழுத்தினால் கம்பிகளின் சுதி ஏறிவிடும்.