கௌரவமான இரண்டு பேர்

கேள்வி: வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டைச் சோதனை போட வந்தால் கதவைத் திறக்காமல் இருக்கலாமா? அக்கம்பக்கத்தில் கௌரவமான இரண்டு பேர் சாட்சிக்கு இருக்க வேண்டுமாமே?
(ஒரு வாசகர், திண்டிவனம்)

பதில்: 'கௌரவமான' என்ற அந்தச் சொல்லோடு எங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பார்த்தேன். முதல் வீடு குடியிருப்புச் சங்கச் செயலாளருடையது. மழைநீர் வடிகாலை மறித்துக் கார் ஷெட் போட்ட மகான். இதே பக்கத்தில் ஏழாவது தடவையாக எழுதுகிறேன், ஷெட் அசையவில்லை. அடுத்த வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் சாட்சி என்றால் அன்றைக்கே ஊருக்குப் போய்விடுவார். மூன்றாவது வீடு என்னுடையது.

1898-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 103-ஆவது பிரிவு, அந்த வட்டாரத்தின் கௌரவமான இருவரைக் கேட்டது. 1973 சட்டத்தில் அது 100-ஆவது பிரிவாகி, 'சார்பற்ற' என்பதையும் சேர்த்துக்கொண்டது. அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.ஸில், மறுபடியும் 103! எண் ஊர் சுற்றிவிட்டுப் பழைய வீட்டுக்கே குடிவந்துவிட்டது. கௌரவம் என்றால் என்ன என்று மட்டும் யாரும் சொன்னபாடில்லை. நம் ஊர் வழக்குகள் பலவற்றில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான் அந்த இருவர்.

ஒருமுறை நானும் கௌரவமானவனாக இருந்தேன். எதிர்வீட்டு மாடியில் சோதனை. டிரங்குப் பெட்டி ஒன்று, துருப்பிடித்த தராசு ஒன்று என்று எழுதிய மகஜரை நீட்டி, "சார், கையெழுத்து" என்றார் ஏட்டு. தலைப்பில் 'கைபற்றிய பொருள்கள்' என்றிருந்தது. "ஒற்று விட்டுப்போச்சே, கைபற்றுவது கல்யாணத்தில் அல்லவா?" என்றேன். 'ப்' போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். கை சும்மா இருக்குமா? கீழே இன்னும் பதினோரு இடம். அப்புறம் எந்தச் சோதனைக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை.

சரி, கதவு. வாரண்டைக் காட்டினால் திறந்துதான் ஆக வேண்டும். வாரண்ட் இல்லாமலும் வரலாம். விசாரணையில் உள்ள வழக்குக்கு வேண்டிய பொருள் இங்கே இருக்கிறது, தாமதித்தால் கிடைக்காது என்று காரணத்தை எழுதிவைத்துவிட்டுச் சோதனை போட பி.என்.எஸ்.எஸ்.ஸின் 185-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பித்தால் உங்களுக்கும் இலவச நகல் உண்டு. வழக்கு எதுவுமே இல்லாமல் "சும்மா பார்த்துட்டுப் போறோம்" என்றால், முடியாது என்று மரியாதையாகச் சொல்லலாம். மல்லுக்கு நிற்காதீர்கள்.

கதவை விட முக்கியம், உள்ளே வந்த பிறகு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. காபி போடப் போய்விடாதீர்கள். கூடவே நின்று பார்க்க உரிமை இருக்கிறது. எடுத்த பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். 'முறை தவறிய சோதனைதானே, கோர்ட்டில் நிற்காது' என்று தைரியமாக இருக்க வேண்டாம். அதில் கிடைத்த பொருளையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது சோதனை முழுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம். அது மாஜிஸ்திரேட் வரை போகும். எங்கள் தெருவுக்கு எப்போதாவது வந்தால், வாசலிலிருந்தே எடுக்கத் தொடங்கும்படி கேட்டுக்கொள்வேன். அந்த ஷெட்டும் படத்தில் விழட்டும்.