தாளிக்கிற புகை எந்தப் பக்கம் போகும்? ஓபன் கிச்சன் யாருக்குச் சரிவரும்

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். அடுப்படி 8க்கு 7 அடி, கிழக்கே ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் சின்ன சர்வீஸ் பால்கனி. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிட்டு ஓபன் கிச்சன் ஆக்கலாம் என்கிறார் கணவர். வேண்டவே வேண்டாம் என்கிறார் மாமியார். சமைக்கப்போவது பெரும்பாலும் நான்தான். என்ன செய்யலாம்?

பதில்: சமைப்பது நீங்கள் என்றால் முதல் ஓட்டும் உங்களுடையதுதான். அதைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அடுப்பு வரப்போகிற இடத்தில் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வையுங்கள். அடுப்படி ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும், ஹாலில் ஃபேன் ஓடட்டும். காலை 7 மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் 3 மணிக்கு ஒரு தடவை, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

மூன்று மணிப் புகை ஹாலுக்குள்தான் வரும் என்பது என் கணிப்பு. ஜன்னல் இருந்தால் புகை அதன் வழியே வெளியே போய்விடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சென்னையில் கிழக்கு ஜன்னல் என்பது கடற்காற்று உள்ளே நுழைகிற வழி. அக்னி மூலை என்று தென்கிழக்கில் அடுப்படி வைத்த வீடுகளில், மத்தியானம் வறுத்த மீன் சாயங்காலம் படுக்கையறையில் வாடை அடிப்பதற்கு இதுதான் காரணம். அதே மூலை கோவையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் மாதங்களில், வாடையை அது வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே கோவையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு ஓபன் கிச்சனைப் பார்த்துவிட்டு வந்து சென்னையில் சுவரை இடிக்க வேண்டாம்.

வாடையாவது கொஞ்ச நேரத்தில் போய்விடும். எண்ணெய் போகாது. இப்போது இருக்கிற வீட்டில் ஃபிரிட்ஜ் அடுப்படியில்தான் இருக்கிறது என்றால், அதன் தலையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். மஞ்சளாக, பிசுக்கென்று ஒட்டும். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் எழும்பிய எண்ணெய்த் துளிகள் தூசியோடு சேர்ந்து படிந்தது அது. சுவரை எடுத்தால் அதே பிசுக்கு ஹால் ஃபேன் இறக்கை, திரைச்சீலை, டிவி, சோபா என்று குடியேறும். பத்திரிகைப் படங்களில் வருகிற ஓபன் கிச்சனில் இந்தக் கவலை கிடையாது. அங்கே அடுப்பின் மேல் ஒன்றும் இருக்காது, பக்கத்தில் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கும்.

'சிம்னி வைத்தால் போச்சு' என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. குழாய் நேராக, குட்டையாக, வெளிச்சுவர் வழியே போனால் சிம்னி நன்றாக இழுக்கும். வளைவு கூடக் கூட இழுவை குறையும். குழாயே இல்லாமல் வடிகட்டி அதே அறைக்குள் காற்றை விடுகிற ரகம் நம் சமையலுக்குப் போதாது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: ஹாலில் ஃபேன் வேகமாக ஓடினால், சிம்னி பிடிப்பதற்கு முன்பே புகை கலைந்துவிடும், அடுப்புத் தீயும் அலையும். மே மாதம் தோசை வார்க்கிறபோது ஃபேனை நிறுத்துங்கள் என்று ஹாலில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், வீட்டில் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும்.

மிக்ஸி சத்தத்தையும் கணக்கில் வையுங்கள். காலை ஆறு மணிச் சட்னிக்கு வீடே எழுந்துகொள்ளும்.

இவ்வளவு சொன்னதால் கணவர் கேட்பது தப்பு என்று ஆகிவிடாது. உங்கள் அடுப்படி 56 சதுர அடி, அதாவது சுமார் 5.2 சதுர மீட்டர். தனியாகச் சாப்பாட்டு இடம் இருக்கிற வீட்டில் அடுப்படிக்குத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சமே 5 சதுர மீட்டர்தான். அந்த அளவு அறையில் நாலு பக்கமும் சுவரோடு ஒருவர் தினமும் தனியாக நின்று வேகுவது நியாயமில்லை. குழந்தை ஹாலில் விளையாடினால் கண்ணில் படவும் வேண்டும்.

அதனால் நான் சொல்வது, பாதி திறப்பு. ஹால் பக்கச் சுவரில் அகலமாகத் திறந்து, டஃபன்டு கிளாஸில், அதாவது பலப்படுத்திய கண்ணாடியில், தள்ளுகதவு போடுங்கள். தண்டவாளம் மேலே இருக்கட்டும். தரையில் போட்டால் அதில் பருப்பும் கடுகும் போய் அடைத்துக்கொள்ளும். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி வரட்டும், சிம்னி குழாய் அப்படியே வெளியே போய்விடும். காய் நறுக்குகிற மேடை ஹாலைப் பார்க்கட்டும். மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் சர்வீஸ் பால்கனிக்குத் தள்ளுங்கள். மிளகாய் கிள்ளிப் போடுகிற நேரத்திலும் வடை சுடுகிற நேரத்திலும் கண்ணாடியை மூடினால் போதும், மற்ற நேரம் திறந்தே கிடக்கலாம். சிலிண்டரும் உள்ளேதான் என்றால், அடுப்படியிலிருந்து வெளியே திறக்கிற ஒரு காற்றுத் துளை தரையை ஒட்டி இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும், மேலே இருக்கிற ஜன்னல் அதற்கு உதவாது.

முழு ஓபன் யாருக்குச் சரிவரும்? இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று ஆவியில் ஓடுகிற வீடு, பொரிப்பது எப்போதாவது, காற்றும் ஹாலிலிருந்து அடுப்படி வழியே வெளியேறுகிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பும் வறுவலும் என்றால் மாமியார் பக்கம்தான் நான்.

கண்ணாடிக் கதவுக்கும் சுவரை வெட்டத்தான் வேண்டும், அதனால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. புதுக் கட்டடங்கள் பலவற்றில், மைவான் முறை என்று, அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றிச் சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்த்திருப்பார்கள். அங்கே உள்சுவரும் பாரம் தாங்கும், அதில் கை வைக்கவே கூடாது. தூண், பீம் வைத்துக் கட்டி, இடையில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ட்ரில் போட்டுச் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூள் வந்தால் ஃபிளை ஆஷ் கல்லாகவும் இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் பில்டரிடம் கட்டமைப்பு வரைபடத்தை வாங்கி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். அவர் கையெழுத்தோடு ஃபிளாட் உரிமையாளர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மைவான் என்று தெரிந்தால் கண்ணாடிக் கதவும் கிடையாது. இருக்கிற வாசலில் கதவை மட்டும் கண்ணாடியாக மாற்றிக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல சிம்னியில் போடுங்கள்.