பெரிய பெயரா, சின்னக் கடனா?

சார், முதலில் மகளுக்கு வாழ்த்துகள். இங்கே அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு ஓர் இடம் கிடைப்பதே பெரிய பாடு. உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தவரை இதுதான்: வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய மாநில அரசுக் கல்லூரிக்கு எல்லாச் செலவும் சேர்த்து வருடத்துக்கு 45,000 டாலர் ஆகும். கிழக்குக் கரையில் பெயர் பெற்ற தனியார் கல்லூரிக்கு 98,000. சொந்தபந்தம் எல்லாம் இரண்டாவதற்குத்தான் கை காட்டுகிறது; குடும்பத்தோடு கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது, என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால் மாநிலக் கல்லூரிதான்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ கடன், அதாவது படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசு கொடுத்துவந்த கடன், கிடையாது. மருத்துவம் படிப்பவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மாநிலக் கல்லூரியின் செலவு அதற்குள் அடங்கிவிடும். தனியார் கல்லூரியில் வருடத்துக்கு 48,000 துண்டு விழும். அதை வங்கியில்தான் வாங்க வேண்டும். வங்கி கோ-சைனர், அதாவது கடனுக்குப் பொறுப்பேற்றுக் கூடக் கையெழுத்துப் போடுபவரைக் கேட்கும், அவருடைய கிரெடிட் ஹிஸ்டரியை, அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்ற பதிவைப் பார்க்கும். அங்கேதான் நம்மைப் போல நடுவயதில் வந்து இறங்கியவர்களுக்கு இடிக்கும். வட்டி கூடும், அல்லது கடனே மறுக்கப்படும். மச்சான் கையெழுத்துப் போடுவார் என்று நம்பி இறங்காதீர்கள். நான்கு வருடமும் அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அரசுக் கடனுக்கும் வட்டி, பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். 8 சதவீதம் என்று வைத்தாலும் 2,00,000-க்கு வருடம் 16,000 டாலர் வட்டி மட்டும். படிப்பு முடிந்து ரெசிடென்சியில், அதாவது மருத்துவமனையில் சம்பளத்தோடு எடுக்கும் துறைப் பயிற்சியில் சேர்ந்தால் முதல் வருடச் சம்பளம் 65,000-ஐச் சுற்றித்தான் இருக்கும்.

சரி, பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து, மருத்துவர் உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டும்தான். அதனால் கல்லூரிப் பெயர் முன்பைவிடக் கொஞ்சம் எடை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் நானும் ஒருவன். கண் முதலில் போவது அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கு. அப்புறம் மூன்றாம் வருட வார்டு மதிப்பீடுகள், பரிந்துரைக் கடிதங்கள். ‘கடின உழைப்பாளி, எல்லோரிடமும் இனிமையாகப் பழகுவார்’ என்று வரும் கடிதத்தை இரண்டு நொடியில் தாண்டிவிடுவோம். ‘நோயாளி சொன்ன மாத்திரைப் பட்டியலில் சந்தேகம் வந்து, மருந்துக் கடைக்கே போன் செய்து பிழையைக் கண்டுபிடித்தாள்’ என்று ஒரு வரி இருந்தால், மேசையில் இருக்கும் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த வரியை எழுத, மாணவியைப் பக்கத்திலிருந்து பார்த்த பேராசிரியர் வேண்டும். அது எந்தக் கல்லூரியிலும் அமையும்.

ஒரே ஓர் இடத்தில் என் பதில் மாறும். மகளுக்குத் தோல் மருத்துவம், நரம்பு அறுவை சிகிச்சை போன்ற போட்டி அதிகமான துறைதான் வேண்டும் என்று உறுதி இருந்து, மாநிலக் கல்லூரியில் அந்தத் துறைக்கு ரெசிடென்சியே இல்லையென்றால், தனியார் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம். சொந்தக் கல்லூரியில் துறை இல்லாதவர்கள் ஆராய்ச்சிக்கும் கடிதத்துக்கும் வெளியே அலைய வேண்டியிருக்கும். இதை உங்கள் ஊகத்துக்கு விடாமல் அவளையே கேளுங்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் ‘கவர்ன்மென்ட் காலேஜா?’ என்ற இழுப்பை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் இதே வாய்கள் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏப்ரல் 30-க்குள் ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அதற்குள் இரண்டு வேலை. மாநிலக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, தனியார் கல்லூரிக்கு மகளே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். சில கல்லூரிகள் தொகையைக் கூட்டித் தருவதுண்டு. இரண்டாவது, இரண்டு கல்லூரிகளிலும் மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்து, ரொட்டேஷனுக்கு (துறை துறையாக வார்டில் எடுக்கும் பயிற்சிக்கு) எந்தெந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள், எவ்வளவு தூரம் கார் ஓட்ட வேண்டும் என்று விசாரிக்கட்டும். கல்லூரி நடத்தும் அறிமுக நாளில் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள்.