ரிஷிகேஷ் ராஃப்டிங்: நீச்சல் தெரியாதவர்களும் பழகியவர்களும் சேர்ந்து செல்லும்போது

நீச்சல் தெரியாத இருவரையும் துடுப்புப் போட்டுப் பழகிய இருவரையும் ரிஷிகேஷில் ராஃப்டிங் செல்ல, அதாவது கங்கையின் வேகநீரில் காற்றடைத்த படகில் செல்ல, ஒரே படகில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் தாராளமாக ஏற்றலாம். பிரம்மபுரியிலிருந்து ஆற்றோடு இறங்கும் சுமார் 9 கிலோமீட்டர் தடம் அதற்கு ஏற்றது. மறுநாள், 'தி வால்' என்னும் நான்காம் நிலை (ஆறு நிலைகள் கொண்ட அளவில் கடினமான) வேகநீர்ப் பகுதி குறுக்கிடும் கௌடியாலா தடத்தில் பழகியவர்கள் மட்டும் செல்லட்டும். மற்றவர்களைத் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

உயிர்காப்பு அங்கியின் பட்டைகளை, தோளைப் பிடித்துத் தூக்கினாலும் அங்கி காதுவரை ஏறாத அளவுக்கு இறுக்குங்கள். தண்ணீரில் விழுந்தவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவருக்கும் அதுவே பேராபத்து. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழைவெள்ளம் காரணமாக ராஃப்டிங் நடைபெறாது.