காதில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தால்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இடது காதில் நான்கு நாட்களாகச் சீழ் வருகிறது. போன வருஷம் மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் மீதி இருந்தது. லேபிளில் 'கண்/காது' என்று இருந்ததால் அதையே காதில் விட்டேன். விட்டதும் தலை சுற்றுகிறது, தொண்டை கசக்கிறது என்கிறான். கண் மருந்தைக் காதில் விட்டால் செவிடாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: கண் மருந்து என்பதாலேயே காது செவிடாகிவிடாது. கண்ணுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றை நாங்களே காதுக்கும் எழுதித் தருவதுண்டு. காதுக்கு மட்டுமான மருந்தைக் கண்ணில் விடுவதுதான் கூடவே கூடாது. தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் ஃபிரிட்ஜ்தான் காரணம். சில்லென்ற மருந்து காதுக்குள் போனால் பெரியவர்களுக்கே ஓரிரு நிமிடம் தலை சுற்றும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கசப்பைத்தான் நான் கவனிக்கிறேன். கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பது சகஜம். கண்ணீர் வடியும் பாதை மூக்கில் போய்த் திறக்கிறது. காது அப்படியில்லை. நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டுதான், ஆனால் வெளியிலிருந்து விடும் மருந்து அங்கே போகாமல் செவிப்பறை தடுத்து நிற்கிறது. மருந்து அதைத் தாண்டிவிட்டது என்றால், செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பாட்டிலில் மருந்தின் பெயரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் என்றால் பதற வேண்டாம். ஓட்டை உள்ள காதுக்கும் அவற்றைத் தருகிறோம். ஜென்டாமைசின், நியோமைசின் என்றால் உடனே நிறுத்துங்கள். அவை ஓட்டை வழியாக உள்காதை எட்டினால் கேட்கும் செல்களைக் கெடுக்கக்கூடும். கெட்ட செல்கள் திரும்ப முளைப்பதில்லை. 'கண்/காது' என்ற லேபிள் இந்த விஷயத்தைச் சொல்லாது. காதுக்குள் பார்க்காமல் மருந்து விடாதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பெயர் எதுவானாலும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். திறந்த சொட்டு மருந்துக்குப் பொதுவாக ஒரு மாதம்தான் ஆயுள். லேபிளில் உள்ள காலாவதித் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. மெட்ராஸ் ஐ வந்த கண்ணில் முனை பட்டிருந்தால் கிருமியும் கூடவே வரும்.

நாளைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சீழால் விழும் சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது; குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சை வையுங்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, பட்ஸ் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் யார் சொன்னாலும் சரி.

மருத்துவர் புது மருந்து தந்தால், பாட்டிலை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துவிட்டு விடுங்கள். அப்படி விட்டும் தலைசுற்றல் நீடித்தால் அவரிடம் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ, நாளை வரை காத்திருக்காமல் இன்றிரவே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.